கட்டப்படாத விண்கலத்தை எடைபோடுவது எப்படி?

மறுபடி மறுபடி பறக்கக்கூடியதாகத் திட்டமிடப்பட்டு, கட்டப்படாமலே நின்றுபோன விண்கலம் ஒன்றின் வரைபடம் கையில் கிடைத்தால், அதன் இறக்கைகளில் மயங்காமல் முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கு, இதை நான் சமையலறைத் தராசையும் ஒரு கிலோ அரிசியையும் வைத்தே விளக்குகிறேன்.

தாழ்வான சுற்றுப்பாதையை எட்ட, ஈர்ப்பும் காற்றும் பறித்துக்கொள்வதையும் சேர்த்து, நொடிக்கு ஏறத்தாழ 9.3 கிலோமீட்டர் வேகத்துக்கான உந்துதல் வேண்டும். திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்து வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 2.718ஐ அந்த ஈவின் அடுக்குக்கு உயர்த்தினால் 8.3 கிடைக்கும், அதாவது, எந்தப் பாகத்தையும் இடையில் கழற்றிவிடாமல் ஒரே அடுக்கில் ஏறும் கலத்தின் புறப்பாட்டு எடையில் எட்டில் ஒரு பங்குகூடச் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேராது. ஆகவே ஒரு கிலோ அரிசியே புறப்பாட்டு எடை என்று கொண்டு, அதில் 880 கிராமை உந்துபொருள் என்று ஒதுக்கிவிடுங்கள். எஞ்சும் 120 கிராமுக்குள் தொட்டி, இயந்திரம், வெப்பக்கவசம், சக்கரங்கள், சுமை அனைத்தும் அடங்க வேண்டும்.

அமெரிக்க நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் திட்டமிட்ட வென்ச்சர்ஸ்டார் விண்கலம் சுமார் 1000 டன் எடையுடன் புறப்பட்டு, சுமார் 20 டன் சுமையை ஏற்றிச்செல்லும் என்று திட்டமிடப்பட்டது. நம் தட்டில் அது 20 கிராம், இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. மீதி 100 கிராமில் கட்டுமானம் ஐந்தில் ஒரு பங்கு கனத்துவிட்டால் சுமைக்கு இடமே இருக்காது. அந்த அரிசியை மாணவர்கள் கரண்டியால் கட்டுமானத்தின் பக்கம் தள்ளும் நேரத்தில் பேச்சு நின்றுவிடும்.

அடுத்து, எடைக்குறைப்பு எந்த உறுப்பை நம்பியிருக்கிறது, அது சோதிக்கப்பட்டதா என்று தேடுங்கள். வென்ச்சர்ஸ்டாருக்கு முன்னோட்டமான எக்ஸ்-33 கலத்தின் உடல் ஆப்பு வடிவம் என்பதால், தொட்டியும் உருளையாக இல்லாமல் பல மடல்களாகப் புடைத்திருந்தது. 1999 நவம்பரில் அந்தக் கலப்புப்பொருள் தொட்டியில் மைனஸ் 253 பாகை செல்சியஸில் ஹைட்ரஜனை நிரப்பிச் சோதித்தபின், நுண்விரிசல்கள் வழியே உட்புகுந்த வாயு வெப்பமேறி விரிய, தேன்கூட்டுச் சுவரின் அடுக்குகள் பிரிந்துபோயின. 2001இல் திட்டம் கைவிடப்பட்டது. உருண்டையற்ற தொட்டியைக் கட்டாயப்படுத்தும் வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் ஐயத்துடனேயே அணுகுவேன்.

காற்றை உள்ளிழுக்கும் பிரிட்டனின் ஸ்கைலான் போன்ற விண்கலத் திட்டங்களில், ஆக்சிஜன் முழுவதையும் சுமக்க வேண்டாததால் 880 குறையும்; ஆனால் குளிர்விப்பானும் காற்றுவாயும் 120க்குள் வந்து உட்காரும் என்பதால், இரு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எடை கூடினால் சமாளிக்க வடிவமைப்பாளர் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால், 100 கிராமுடன் நீங்களே 15 கிராமைச் சேர்த்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.