அசற்றலீனுக்குப் பதிலாகச் சமையல் எரிவாயு: வீட்டுப் பட்டறைக்கு ஒரு வழிகாட்டி

லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியின் துருப்பிடித்த போல்ற்றைக் கழற்றுவது, கலப்பைக் கொழுவைச் சூடாக்கி வளைப்பது, இரும்புத் தகட்டை வெட்டுவது, தண்ணீர்ப் பம்பியின் செப்புக் குழாயைப் பித்தளையால் ஒட்டுவது என்று வன்னியில் வீட்டுக் கொட்டிலில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஒட்சிசனுடன் எரித்து இரும்பை வெட்டவும் ஒட்டவும் பயன்படும் அசற்றலீன் வாயு கட்டாயமில்லை. கடையில் வாங்கும் 12.5 கிலோ உருளையில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ வாயுவாகும். இந்த வேலைகள் அனைத்தையும் ஒட்சிசனுடன் சேர்த்து அதைக் கொண்டே செய்யலாம். ஆனால் இரும்போடு இரும்பை உருக்கி ஒட்டும் காஸ் வெல்டிங்குக்கு அது உதவாது. ஒட்சிசனுடன் எரியும் அசற்றலீன் சுவாலை ஏறக்குறைய 3,100 பாகை செல்சியசை எட்டும். புரொப்பேன் சுவாலை 2,800 பாகை அளவில் நின்றுவிடும். அதைவிட முக்கியமாக, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் தன்மை புரொப்பேன் சுவாலைக்கு இல்லாததால் ஒட்டு நுரைத்து, பொருக்காகிவிடும். அந்த வேலைக்கு மின்சார வெல்டிங் இயந்திரமே போதுமானது.

உருளையை மாற்றினால் மட்டும் போதும் என்று எண்ணுவது ஆபத்தானது. அடுப்புக்குப் பூட்டும் றெகுலேற்றர் 30 மில்லிபார் அளவிலான மிகக் குறைந்த அழுத்தத்தையே தருமாதலால், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய உயரழுத்த றெகுலேற்றர் ஒன்று, உருளையின் வால்வுக்குப் பொருந்தக்கூடியதாக வேண்டும். அசற்றலீனுக்கென்று விற்கப்படும் சிவப்புக் குழாயின் உட்புற இறப்பரைத் திரவ வாயு நாளடைவில் அரித்துவிடும். திரவ வாயுவுக்கென்று செம்மஞ்சள் நிறத்தில் வரும் குழாயையே கேட்டு வாங்க வேண்டும். வெட்டும் முனையும் வேறு: அசற்றலீன் முனை ஒரே துண்டாக இருக்கும், திரவ வாயு முனை உள்துண்டும் வெளித்துண்டுமாக இரண்டாகப் பிரியும். இரு குழாய்களிலும் தீ குழாய்க்குள் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் கருவியைப் பூட்டாமல் வேலையைத் தொடங்கலாகாது.

செலவைக் கணக்கிடுவோர் எரிவாயுவின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். கணக்குத் தவறுவது ஒட்சிசனில்தான். ஒரு பங்கு அசற்றலீனுக்கு உருளையிலிருந்து ஏறக்குறைய ஒரு பங்கு ஒட்சிசன் போதும். ஒரு பங்கு புரொப்பேனுக்கோ நான்கு பங்கு அளவில் தேவைப்படும். ஒட்சிசன் உருளையை மாற்ற நகரத்துக்கு வாகனம் பிடிக்க வேண்டிய கிராமத்தவர் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு செப்புக் குழாயை வெள்ளி ஒட்டால் இணைப்பதும் மெல்லிய கம்பியை வளைப்பதும் மட்டுமே தேவையெனில், காற்றோடு எரியும் சாதாரணத் திரவ வாயு ரோர்ச்சே (கையில் பிடிக்கும் சுவாலைக் கருவி) போதும், ஒட்சிசனே வேண்டாம்.

சுவாலையைச் சரிசெய்வது பழகிய கைக்கும் முதலில் புதிதாக இருக்கும். எரிவாயுவைச் சிறிது திறந்து பற்றவைத்தால் நீண்ட மஞ்சள் சுவாலை தளர்ந்து ஆடும். ஒட்சிசனை மெல்லக் கூட்டும்போது மஞ்சள் மறைந்து, முனையின் துளைகளில் சிறு நீலக் கூம்புகள் தோன்றி, சீறும் ஓசையுடன் குறுகிக் கூர்மையடையும். அதற்குமேல் கூட்டினால் சுவாலை முனையை விட்டு எழும்பி அணையும். அசற்றலீனில் போல இடையில் இறகு போன்ற ஒளி தெரியாது என்பதால், கண்ணை மட்டும் நம்பாமல் ஓசையையும் கேட்டுப் பழக வேண்டும். புரொப்பேனின் வெப்பத்தில் பெரும்பகுதி வெளிச்சுவாலையில் இருப்பதால் முனையை அசற்றலீனுக்குப் பிடிப்பதைவிடச் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும். தகட்டின் ஓரம் செக்கச்செவேலென்று வர அதிக நேரம் எடுக்கும்; பொறுமையிழந்து, வெட்டும் ஒட்சிசனைத் திறக்கும் நெம்பை அழுத்தினால் வெட்டுத் தொடங்காது. ஒருமுறை தொடங்கிவிட்டால், இரும்பை எரித்து வெட்டுவது ஒட்சிசன் பாய்ச்சலே ஆதலால், வெட்டு நன்றாகவே அமையும்.

திரவ வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு படர்ந்து குழியிலும் கிணற்றடிப் பள்ளத்திலும் தேங்கும். இணைப்பு ஒவ்வொன்றிலும் சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்சிசன் இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. கச்சான் காற்று வீசும் காலத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ காய்ந்த புல்லுக்கு அருகிலோ வெட்டும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயைச் சூடாக்கும்போது எழும் வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும் என்பதால், பூச்சை முன்பே அரத்தால் அகற்றித் திறந்த வெளியில் செய்வது நல்லது. எரிபொருள் இருந்த தகர டிரம்மை வெட்டவே வேண்டாம்.

வேலை நீளும்போது உருளையின் வெளிப்புறம் குளிர்ந்து வியர்ப்பதும் அழுத்தம் குறைவதும் இயல்பு. சற்று நிறுத்தி வைத்தால் மீண்டும் சீராகும். நெருப்புக் காட்டிச் சூடாக்கக் கூடாது, படுக்கவைக்கவும் கூடாது, படுத்த உருளையிலிருந்து திரவமே குழாய்க்குள் பாயும். அணைக்கும்போது எரிவாயுவை முதலிலும் ஒட்சிசனை அடுத்தும் மூடி, பின் இரு உருளைகளின் வால்வுகளையும் அடைத்து, குழாய்களில் தங்கியுள்ள வாயுவைத் தனித்தனியே வெளியேற்றிவிட்டு, உருளைகளை வீட்டு அறைக்குள் கொண்டுபோகாமல் காற்றோட்டமான பத்தியில் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும்.