வளவுக்குள் தோற்றுப்போன கேமரா

நான் முதலில் வாங்கிய கேமராவுக்கு 50 மடங்கு ஜூம். காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் வாசலில் நின்றபடியே கோபுரத்துப் பொம்மையின் மூக்கைக்கூட இழுத்துக் காட்டும். அந்தப் பெருமையோடு கானாடுகாத்தானில் எங்கள் அயித்தை வீட்டுச் சாந்திக்கு (வயது நிறைவுச் சடங்குக்கு) அதைத் தூக்கிக்கொண்டு போனேன். சடங்கெல்லாம் விடியலிலேயே, வளவைச் (வீட்டு நடுமுற்றத்தைச்) சுற்றியுள்ள தாழ்வாரத்து நிழலில். படங்களைப் பார்த்த ஆயா கேட்டார்: "என்னப்பா, எல்லார் மேலயும் ரவையைத் தூவினாப்ல இருக்கு?"

ஆயா சொன்ன ரவைக்குக் காரணம் சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு. அந்த மாதிரி பெரிய ஜூம் கேமராக்களில் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள குட்டிச் சென்சார்தான் இருக்கும். லென்ஸ் மாற்றக்கூடிய சாதாரண நிக்கான் டிஎஸ்எல்ஆரில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலம். பரப்பளவில் பார்த்தால் சுமார் 13 மடங்கு பெரியது. வெளிச்சம் குறையும்போது கேமரா ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஏற்றும். ஏற்ற ஏற்ற, குட்டிச் சென்சாரில் புள்ளிகள் சீக்கிரமே தெரிந்துவிடும். வெளியில் வெயிலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கடைக்காரர் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக் காட்டுவதும் அதனால்தான். கடைக்குள்ளேயே, விளக்கு குறைவான மூலையில் ஓர் ஆளை நிற்கவைத்து எடுத்துப் பாருங்கள்.

மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. ஏ4 தாளில் நன்றாக அச்சடிக்க 9 மெகாபிக்சல் போதும். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு "48 மெகாபிக்சல்" என்று விற்கும் பெயர் தெரியாத கேமராக்கள் பலவற்றில் அந்த எண், சின்னப் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கியது. அதற்குக் கையில் உள்ள போனே தேவலை. போனாவது நாலைந்து படங்களைச் சேர்த்து இருட்டைச் சமாளிக்கிறது.

ஆனால் நம்மூர்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு வேறு: இருக்கிற காசையெல்லாம் கேமரா பாடியில் கொட்டிவிட்டு, லென்ஸுக்குக் கையை விரிப்பது. கூடவே வரும் 18-55 கிட் லென்ஸில் 55-க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) 5.6-தான். எண் குறையக் குறையத் துளை பெரிது. 1.8 அப்பர்ச்சர் லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். செட்டிநாட்டு வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வளவு வாசலில் வெயில் கொளுத்தும். இரண்டடி தள்ளித் தூண் நிழலில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெரிய எடுத்தால் வாசல் வெளுத்துவிடும், வாசலைக் காப்பாற்றினால் முகம் கறுத்துவிடும். ரா ஃபைலாக (கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் பதிவாக) எடுத்துவைத்தால் பிறகு ஓரளவு மீட்கலாம். ஆகவே ரா வசதி இல்லாத கேமராவை விலைக்காக மட்டும் வாங்காதீர்கள்.

"ஃபிளாஷ் இருக்கே" என்பார்கள். நம் வீட்டுச் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு. கேமராவிலேயே உள்ள ஃபிளாஷை அடித்தால் சுவரில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அப்படியே. தனி ஃபிளாஷ் வாங்கி மேலே திருப்பி அடிக்கலாம் என்றால், மேலே இருப்பது பர்மாத் தேக்கு. வெளிச்சத்தில் பெரும்பகுதியை மரமே விழுங்கிவிடும், மிச்சம் பழுப்பாக இறங்கும். எனவே பழைய பாடி, நல்ல லென்ஸ் என்பதே என் கட்சி.

லென்ஸிலும் ஒரு பொறி உண்டு. எல்லாரும் 50 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கச் சொல்வார்கள், விலையும் குறைவு. ஏபிஎஸ்-சி பாடியில் அது 75, 80 போல நெருக்கிக் காட்டும். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு தூணில் இடித்துத்தான் நின்றேன். வீட்டுக்குள் எடுக்க 35 நல்லது. நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

சரி, செகண்ட் ஹேண்டுக்கு வருவோம். பலர் மிரர்லெஸ் என்ற புதுவகைக் கேமராவுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, பயப்பட வேண்டாம். ஆனால் "ரொம்ப எடுக்கவே இல்லைங்க" என்ற பேச்சை நம்பாமல் ஷட்டர் கவுண்டை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணை) கேளுங்கள். நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலுக்குள்ளேயே அந்த எண் இருக்கும். கேனான் மாடல்கள் பலவற்றில் இருக்காது. டி3500 போன்ற பாடிகளின் ஷட்டரை 1,00,000 படம் வரை சோதித்ததாக நிறுவனம் சொல்கிறது. அப்புறம், போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் அது ஃபங்கஸ் (பூஞ்சை), வாங்கவே வாங்காதீர்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில், தோல் பைக்குள் பெட்டகத்தில் தூங்கிய கேமரா என்றால் இரண்டு முறை பாருங்கள். அப்பர்ச்சரை 16-க்கு வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசும் வெளிப்பட்டுவிடும்.

சிங்கப்பூரிலிருந்து அயித்தான் கொண்டுவருவார் என்று காத்திருப்பவர்கள், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டோடு சரி. கூடுதல் பேட்டரி, நம்பகமான கடையில் வாங்கிய மெமரி கார்டு, இரண்டுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள். போலி கார்டு 64 ஜிபி என்று காட்டும்; கொஞ்சம் நிறைந்ததும் படங்களைத் தின்ன ஆரம்பிக்கும்.

என் பழைய ஜூம் கேமரா என்ன ஆயிற்று? அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்காத வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு மார்கழியில் அதைக் கொண்டுபோனான். நல்ல வெயிலில், கண்மாய்க் கரையிலிருந்து எடுத்த நத்தைக்குத்தி நாரையின் படத்தை ஆயாவிடம் காட்டினான். அதில் ரவை இல்லை.