தண்ணீர் பற்றரி செய்யப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். பகல் கரண்டை இரவுக்குச் சேமிக்க, தீப்பிடிக்காத தண்ணீர் பற்றரி (உள்ளே உப்பு அல்லது அமிலம் கரைத்த தண்ணீர் உள்ள பற்றரி) ஒன்று செய்தால் என்ன என்று திருமலையில் செயற்றிட்டத் தலைப்புத் தேடும் மாணவர்கள் கேட்பது நியாயம்தான். நாகத் தகடும் மங்கனீசு ஈரொட்சைட்டும் போதும், தொடங்கிவிடலாம்.

கடல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். "உப்புத்தானே, நிலாவெளியில இல்லாத உப்பா?" என்பார்கள். அதிலுள்ள குளோரைட்டு துருப்பிடிக்காத உருக்கையே அரிக்கும். சார்ஜ் ஏற்றும்போது குளோரீன் வாயுவும் கிளம்பலாம். நாக சல்பேற்றும், கராஜில் கிடைக்கும் பற்றரித் தண்ணியும் (அமிலமல்ல, காய்ச்சி வடித்த தண்ணீர்) வாங்குங்கள்.

அடுத்தது வோல்ற்று. 1.23 வோல்ற்றைத் தாண்டினால் தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியலாம் என்று படித்திருப்போம். ஆனால் வாகனத்து ஈய பற்றரியும் தண்ணீர் பற்றரிதான்; ஒரு கலம் 2 வோல்ற் தருகிறது. ஈயத்தின் மேல் ஐதரசன் மிக மெதுவாக உருவாவதால் அது முடிகிறது. எல்லையை நீட்டலாம், சும்மா நீளாது. 2015 இல் ஒரு கிலோ தண்ணீரில் 21 மோல் லித்தியம் உப்பைக் கரைத்து 3 வோல்ற் வரை போனார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ தண்ணீருக்கு ஆறு கிலோ உப்பு, அதுவும் விலை கூடிய உப்பு. அதைத் தண்ணீர் பற்றரி என்பதா, உப்புப் பற்றரி என்பதா?

உண்மையான ஏமாற்று எடைக் கணக்கில்தான் நடக்கிறது. நாகம் கிராமுக்கு 820 மில்லியம்பியர்-மணி தரும், மங்கனீசு ஈரொட்சைட்டு 308. பொத்தான் கலத்தில் 0.1 மில்லிமீற்றர் நாகத் தகடு போட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு 58 மில்லியம்பியர்-மணி கிடக்கும். எதிரே பூசிய 2 மில்லிகிராம் மங்கனீசு கேட்பது 0.6 மட்டும். நாகத்தில் நூறில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, மிச்சம் சும்மா பாரம். அப்புறம் சேமித்த சக்தியை மங்கனீசின் எடையால் மட்டும் வகுத்து, "லித்தியத்துக்கு நிகர்" என்று எழுதிவிடுகிறோம். தகடு, தண்ணீர், உறை எல்லாவற்றையும் தராசில் வையுங்கள்.

தீப்பிடிக்காது என்பதற்காக அடைத்து மூடிவிடுவதும் தவறு. ஓர் அம்பியர்-மணி தண்ணீரைப் பிரிப்பதில் வீணானால் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஐதரசன் வரும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே பற்றும். நான் மேசை லாச்சியில் வைத்து மறந்த பொத்தான் கலம் ஒன்று இரண்டு கிழமையில் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. நாகம் தானாகவே அரித்து வாயு விட்டிருக்கிறது.

ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினோம் என்ற பெருமையில் இந்த அரிப்புத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்தில் முடிந்தால் ஆயிரமும் ஒன்றரை நாளுக்குள் தீர்ந்துவிடும். ஏசி அறையில் வேறு. முழுதாக ஏற்றி, தகரக் கூரைக்குக் கீழே ஒரு கிழமை விட்டு, எவ்வளவு மிச்சம் என்று அளந்து கொண்டுவாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.