கணித லேப் ரிப்போர்ட்: கிராஃபை முதலில் முடியுங்கள்

முன்னுரை ஒருவருக்கு, கணக்கு ஒருவருக்கு, கிராஃப் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்டு கடைசி ராத்திரி ஒட்டினால் ரிப்போர்ட் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும். ஒருவர் நேரத்தை நிமிடத்தில் எடுத்திருப்பார், இன்னொருவர் நொடியில். வரிசையை மாற்றுங்கள்: கிராஃப் சரியான பிறகுதான் எழுத்து.

படி 1: ஒரு பக்க ஒப்பந்தம்

எந்த அளவுக்கு எந்தக் குறியீடு, என்ன அலகு, எத்தனை தசம இடம் என்று முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் திறக்கக்கூடிய கோப்பில் வையுங்கள். நான்கு பேர் குழுவென்றால் இருவர் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடட்டும். முடிந்தால் ஒருவர் எக்செல்லில், மற்றவர் பைத்தானில். விடை ஒத்துவந்த பிறகே மூன்றாமவர் கிராஃப் போடலாம். நான்காமவர் எழுதுவார், கடைசித் திருத்தமும் அவருடையதுதான். இறுதிக் கோப்பில் ஒரே கை இருப்பது நல்லது.

படி 2: சரியான சார்ட் வகை

எக்செல்லில் ‘லைன் சார்ட்’ வேண்டாம், ‘ஸ்கேட்டர்’ எடுங்கள். லைன் சார்ட் கிடை அச்சில் உள்ள எண்களை வெறும் பெயர்ப்பட்டியலாகவே பார்க்கும். 0, 1, 2, 5, 10, 20 நிமிடங்களில் எடுத்த அளவுகளைச் சம இடைவெளியில் நிறுத்திவிடும். வளைவின் வடிவமே பொய்யாகிவிடும்.

அளந்த மதிப்புகள் புள்ளியாகவும், சமன்பாடு தரும் மதிப்புகள் கோடாகவும் இருக்கட்டும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், இடையிலும் அளந்தது போலத் தோன்றும்.

படி 3: சமன்பாட்டைப் பொருத்துவது

இங்கேதான் அதிகம் வழுக்கும். வெந்நீர் ஆறுவதை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலை 25 டிகிரி. நீர் தொடக்கத்தில் 85, 10 நிமிடத்தில் 69.4, 20-இல் 57.9, 30-இல் 49.4 டிகிரி. இதை அப்படியே கொடுத்து ‘எக்ஸ்பொனென்ஷியல் ட்ரெண்ட்லைன்’ (புள்ளிகளுக்கு எக்செல் தானாகப் பொருத்தும் அடுக்குக்குறி வளைவு) போட்டால், எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று சொல்லும் குளிர்வு மாறிலி நிமிடத்துக்கு 0.018 என்று வரும். பொருத்தத்தை அளக்கும் ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.997! பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் தவறு. அந்தச் சமன்பாட்டில் 120 நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்: 25 டிகிரி அறையில் நீர் சுமார் 10 டிகிரிக்கு இறங்கி நிற்கும்.

காரணம் எளிது. அந்த ட்ரெண்ட்லைன் பூஜ்யத்தை நோக்கி இறங்கும், நீரோ அறை வெப்பநிலையை நோக்கி இறங்குகிறது. எனவே முதலில் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் 25-ஐக் கழியுங்கள்: 60, 44.4, 32.9, 24.4. இவற்றின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். சாய்வு மைனஸ் 0.03. இதன்படி 120-ஆவது நிமிடத்தில் 26.6 டிகிரி, நம்பும்படியான விடை.

ஆர் ஸ்கொயரை மட்டும் நம்பாமல் எச்சங்களையும் (அளந்த மதிப்பிலிருந்து சமன்பாட்டு மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது) தனியே வரையுங்கள். தவறான பொருத்தத்தில் அவை முனைகளில் கூட்டல், நடுவில் கழித்தல் என்று வளைந்து நின்று காட்டிக்கொடுக்கும். ட்ரெண்ட்லைன் சமன்பாட்டின் எண் வடிவத்தில் தசம இடங்களையும் கூட்டிவிடுங்கள். எக்செல் தானாகச் சுருக்கிக் காட்டும் எண்ணை வைத்து மேற்கொண்டு கணக்குப் போட்டால் பிழை பெருகும்.

படி 4: சார்புகளை வரையும்போது

சைன் 20எக்ஸ் சார்பை 0 முதல் 10 வரை வெறும் 50 புள்ளிகளில் வரைந்தால் ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகூடத் தேறாது. இல்லாத அலை ஒன்று திரையில் வரும். 1000 புள்ளிகள் கொடுங்கள். டேன் எக்ஸ் வரையும்போது தொலைத்தொடுகோட்டின் (வளைவு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாத கோடு) இருபுறத்தையும் மென்பொருள் இணைத்து ஒரு செங்குத்துக் கோடு போடலாம். அது சார்பின் பகுதி அல்ல. அந்த இடத்தில் மதிப்பைக் காலியாக விட்டு வளைவை அறுத்துவிடுங்கள்.

படி 5: ரிப்போர்ட்டில் சேர்ப்பது

ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், பெரிதாக்கினாலும் மங்காத பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆகச் சேமியுங்கள். பிஎன்ஜி-தான் வேண்டுமென்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). 15 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுமார் 1770 பிக்சல். கிராஃபை முதலிலேயே அந்த அகலத்தில் வரையுங்கள். 30 சென்டிமீட்டரில் வரைந்து பாதியாகச் சுருக்கினால் 12 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்ட் ஆகிவிடும், படிக்கக் கண் வலிக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சானாலும் புரிய வேண்டும். இரண்டு வளைவுகள் இருந்தால் ஒன்று முழுக்கோடு, மற்றது விட்டுவிட்டு வரும் கோடு.

அச்சுப் பெயரோடு அலகு கட்டாயம்: ‘நேரம் (நிமிடம்)’.

படி 6: எழுத்து

ஒவ்வொரு கிராஃபுக்கும் எண் கொடுத்து, உரையில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘படம் 2-ஐப் பார்க்க’ என்பது போதாது; ‘படம் 2-இல் புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன, சாய்வு மைனஸ் 0.03’ என்று எழுதுங்கள். கொடுப்பதற்கு முன், கிராஃப் வரையாத ஒருவரிடம் தலைப்பை மறைத்துக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் திருத்த வேண்டியது கிராஃபைத்தான், விளக்கத்தை நீட்டிப் பயனில்லை.