இங்கிலாந்தில் அபராதம் பற்றிக் கேட்கும்போது: ‘இல்லை’ வேறு, ‘நோ’ வேறு

லண்டன் வந்த புதிதில், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தப் போனேன். அங்கே பார்க்கிங் விதிகளைக் கண்காணித்துக்கொண்டு நின்ற வார்டனிடம், "ஐ கான்ட் பார்க் ஹியர்?" என்று கேட்டேன். "நோ" என்றார். நம் பேச்சில் "இங்க நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டு "இல்ல" என்று பதில் வந்தால், நிறுத்தலாம் என்றுதானே பொருள்? நிம்மதியாக நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கண்ணாடியில் அபராத டிக்கெட் ஒட்டியிருந்தது. அவர் சொன்னது "நிறுத்த முடியாது" என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அதனால் சட்டம் பற்றிக் கேட்கும்போது 'கான்ட்', 'டோன்ட்' வைத்துக் கேட்காதீர்கள். "கேன் ஐ பார்க் ஹியர் நவ்?" என்று நேராகக் கேளுங்கள். 'நவ்' முக்கியம். சாலையோரத்து ஒற்றை மஞ்சள் கோட்டில் தடை சில மணி நேரத்துக்கு மட்டும்தான். இரட்டைக் கோட்டில் எந்நேரமும் தடை.

போலீஸ் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "டிட்ன்ட் யூ சீ த சைன்?" என்பார்கள். நாம் "ஆமாம், பார்க்கவில்லை" என்ற நினைப்பில் "யெஸ்" என்போம். அவர்கள் காதில் அது "பார்த்தேன்" என்று விழும். "ஐ டிட் நாட் சீ இட்" என்று முழு வாக்கியமாகவே சொல்லுங்கள்.

'டோன்ட் ஹேவ் டு' என்றால் கட்டாயமில்லை. 'மஸ்ட் நாட்' என்றால் கூடவே கூடாது. நாம் இரண்டுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகியதால் குழம்பிவிடுகிறோம். லைசென்ஸைக் கையில் வைத்திருப்பது கட்டாயமில்லை. போலீஸ் கேட்டால் 7 நாளுக்குள் ஸ்டேஷனில் காட்டலாம். ஆனால் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது. பிடிபட்டால் 200 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட்டும்.

டிக்கெட்டில் பி.சி.என். என்று இருந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். கவுன்சில், அதாவது உள்ளாட்சி அமைப்பு, தருவது பெனல்ட்டி சார்ஜ் நோட்டீஸ். தனியார் கம்பெனி தருவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ், அது அரசு அபராதம் அல்ல. இரண்டுக்கும் சுருக்கம் ஒன்றுதான். "இஸ் திஸ் ஃப்ரம் த கவுன்சில் ஆர் எ பிரைவேட் கம்பெனி?" என்று கேளுங்கள். கவுன்சில் டிக்கெட்டுக்குப் பொதுவாக 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். ஆனால் கட்டிவிட்டால் வழக்கமாக அத்தோடு விஷயம் முடிந்தது, பிறகு எதிர்த்துக் கேட்க முடியாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தால், "ப்ளீஸ் கேன்சல்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "ஐ வான்ட் டு சாலஞ்ச் திஸ்" என்றால் போதும். அது உங்கள் உரிமை.

ஸ்டேஷனில் விசாரணை என்று உட்கார வைத்தால், அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்கப் பார்க்காதீர்கள். "ஐ நீட் எ தமிழ் இன்டர்பிரிட்டர் அண்ட் எ சொலிசிட்டர்" என்று மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் கேளுங்கள். அங்கே இரண்டுமே இலவசம்.