மடக்குக்கத்தி வாங்கப் போகிறவர் தவிர்க்க வேண்டியவை

எங்கள் அப்புச்சியின் சட்டைப் பையில் ஒரு மடக்குக்கத்தி எப்போதும் கிடக்கும். கரும்பு சீவுவது, தீவன மூட்டையின் தையலைப் பிரிப்பது, மாங்காய் நறுக்குவது என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பல ஆண்டு தீட்டியதில் அலகு பாதியாகத் தேய்ந்து கறுத்திருந்தது. ஆனாலும் வெள்ளரிப் பிஞ்சின் மேல் வைத்தால் தானாக இறங்கும்.

சம்பாதிக்கத் தொடங்கியதும் நான் வாங்கிய முதல் கத்தி வேறு ரகம். கறுப்புப் பூச்சு, அலகின் அடிப்பகுதியில் ரம்பப் பல், நான்கு மில்லிமீட்டர் கனம், பெட்டியின் மேல் ராணுவ வீரர் படம். அதை வைத்து எலுமிச்சம்பழம் அறுத்தால் சாறு முழுக்கக் கையில் வழியும். கேரட்டில் வைத்தால் வெட்டாது, பிளந்து தெறிக்கும். கூர் போதவில்லை என்று நினைத்துத் தீட்டிக்கொண்டே இருந்தேன். குறை கூரில் இல்லை என்று புரிய ஒரு வருடம் ஆனது.

அதுதான் முதல் தவறு: கனத்தைத் தரம் என்று நினைப்பது. கத்தியின் வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், அதற்குப் பின்னால் வரும் உடல் தடிமனாக இருந்தால் அது ஆப்பைப் போலத்தான் வேலை செய்யும். விறகு பிளக்க அது வேண்டும். அதற்குத்தான் நம் வீடுகளில் கொடுவாள் இருக்கிறதே. பையில் வைக்கும் கத்திக்கு மெல்லிய அலகுதான் அழகு. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த ஒப்பினெல் கத்தியைப் பாருங்கள். அதன் 8ஆம் எண் கத்திக்கு அலகு 8.5 சென்டிமீட்டர், முதுகின் கனம் இரண்டு மில்லிமீட்டரைத் தொடாது. பீச் மரப்பிடி, ஒரு வளையம், அவ்வளவுதான். பார்த்தால் பொம்மைபோல இருக்கும். ஆனால் சொட்டுநீர்க் குழாயை அது வெட்டும் நேர்த்தி என் 'ராணுவ' கத்திக்கு வரவே இல்லை.

இரண்டாவது தவறு நம் ஊர்ப் பெருமையிலிருந்தே முளைப்பது. சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், உருக்கு செய்த மூசைகளின், அதாவது உலோகம் உருக்கும் மண்கலங்களின், துண்டுகளும் கிடைத்தன. தென்னாட்டு உருக்கு கடல் கடந்து மேற்காசியாவுக்குப் போய், அலையலையான கோடுகளுக்குப் பேர்போன டமாஸ்கஸ் வாள்களாயிற்று என்பதும் உண்மை. இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பவர்தான் 'டமாஸ்கஸ்' என்று எழுதிய கத்தியைப் பார்த்ததும் மயங்குகிறார். இன்று அந்தப் பெயரில் விற்பதும் மூசை உருக்கும் ஒன்றல்ல. இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் நனைத்து எடுத்தால் கோடுகள் தெரியும். நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் விலையும் அப்படியே இருக்கும். மலிவாக வருபவற்றில் பல, சாதாரண எஃகின் மேல் கோலம் அச்சிட்டவை. அலகின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள கோடுகள் முதுகின் மேலும் தொடர்ந்து ஓடாவிட்டால் அது வெறும் மேல்பூச்சு. எந்த எஃகு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத கடையில் முதல் கத்தியை வாங்க வேண்டாம்.

எஃகின் பெயரைச் சொல்கிற கடையிலும் ஒரு கண்ணி உண்டு. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60, 62 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். கடினம் கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் மழுங்கியபின் தீட்டுவது பெரும்பாடு, முரட்டுத்தனமாகக் கையாண்டால் வாயில் சில்லும் விழும். புதிதாகத் தொடங்குபவருக்கு 56 முதல் 59 வரை போதும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம், 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை, இன்றும் தன் கத்திகளை 56 பக்கத்திலேயே வைத்திருக்கிறது. மழுங்குவது கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனால் எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பிவிடும்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. டி2 என்ற எஃகைத் துருப்பிடிக்காதது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும் நல்ல பங்கு கார்பனோடு கட்டுண்டு கிடக்கிறது, துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. சித்திரை வெயிலில் வியர்வை ஊறிய சட்டைப் பைக்கு அது ஒத்துவராது. கார்பன் எஃகு இன்னும் மோசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய அரிவாள்மனை வைத்திருந்த வீட்டுக்காரருக்கு மாங்காயும் புளியும் பட்டு இரும்பு கறுப்பது புதிதா என்ன? கழுவித் துடைத்து வைத்தால் ஆயுள் கெட்டி. அந்தப் பழக்கம் இல்லாதவர் துருப்பிடிக்காத எஃகையே வாங்கட்டும். மரப்பிடி என்றால் ஈரத்தில் உப்பி அலகு இறுகிக்கொள்ளும் என்பதையும் வால்பாறைப் பக்கம் இருப்பவர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

இனி சாணை. நல்ல கத்தியை அதிகம் கெடுப்பது இதுதான் என்பேன். தெருவில் சாணை பிடிக்க வருபவர் அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் கைதேர்ந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுழலும் கல்லில் பொறி பறக்கப் பிடிக்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். நுனி நீலம் பாரித்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, அந்தப் பகுதி தேய்ந்து போனால்தான் நல்ல எஃகு வெளியே வரும். என் கத்தி ஒன்று இப்படித்தான் வீணானது, கொடுத்தவன் நான் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது.

கத்தி வாங்கும் பணத்திலேயே ஆயிரம் எண் தண்ணீர்க்கல் ஒன்றுக்கும் ஒதுக்கிவிடுங்கள். நீரில் நனைத்துத் தீட்டும் கல் அது, எண் கூடக்கூடக் கல் மென்மையாக இருக்கும். கத்தியைக் கல்லின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், பாதி சாயுங்கள், அதிலும் பாதி சாயுங்கள், இன்னும் ஒரு துளி தாழ்த்துங்கள். ஏறத்தாழ இருபது பாகை வந்துவிடும். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தேயுங்கள். மறுபக்கத்து விளிம்பில் விரல் நெருடும்படி மெல்லிய பிசிறு தோன்றும். அது வாய் முழுவதும் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு திருப்பிப் போட்டுத் தேய்த்து, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப்பக்கமாக நாலு இழுப்பு. முதல் பத்து முறை சரியாக வராது. சோதிக்கக் கட்டைவிரலை நீட்ட வேண்டாம், செய்தித்தாள் போதும். அழுத்தாமலே கிழியாமல் வெட்டுப்பட்டால் சரி.

பூட்டு இருக்கிறது என்ற தைரியம் அடுத்தது. சிறிய பேனாக்கத்திகள் பலவற்றில் பூட்டே கிடையாது, வில்லின் இறுக்கம் மட்டும்தான். முனையால் துளை போட அழுத்தினால் அலகு விரல் மேலேயே மடங்கும். ஒப்பினெலில் 1955இல் வந்த வளையப் பூட்டு எளிமையானது, ஆனால் திருப்பினால்தானே பூட்டும்! எந்தப் பூட்டானாலும் பெயின்ட் டப்பா மூடியை நெம்பவோ தேங்காய் உடைக்கவோ கத்தியை எடுக்காதீர்கள். நெம்பினால் முனை ஒடியும். கடையிலேயே திறந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூட்டில் தேங்காய் எண்ணெய் விடுவதும் நம் பக்கத்துப் பழக்கம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கத்தி திறக்க மறுத்தால் காரணம் அதுதான். திருப்பூரில் எந்தச் சந்திலும் கிடைக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில் விட்டு, அலகில் பட்டதைத் துடைத்துவிட்டால் போதும்.

நீளத்துக்கு ஆசைப்படுபவர் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள் 9 அங்குலத்தை மீறிய நீளமோ 2 அங்குலத்தை மீறிய அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பையில் வைப்பது அதில் பாதிகூட வராது. ஆனாலும் நீதிமன்ற வாசலிலும் விமானத்தின் கைப்பையிலும் இரண்டு அங்குலக் கத்தியும் கத்திதான். பொத்தானைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் ரகத்தை வாங்கிவிட்டு, மாங்காய் வெட்டத்தான் என்று காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக, எங்கே வைப்பது? இப்போது வரும் கத்திகளின் கிளிப் ஜீன்ஸ் பைக்காகச் செய்தது. வேட்டி கட்டுபவருக்கு அது உதவாது, சட்டைப் பையில்தான் போடுவார். பிடியில் கயிறு கோக்கத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, கோத்தும் வையுங்கள். துளை இருந்தும் நான் கோக்கவில்லை. மோட்டாரைப் பார்க்கக் கிணற்று மேட்டில் குனிந்தபோது சுவிஸ் கத்தி பையிலிருந்து நழுவி, எழுபது அடி ஆழத்துக்குப் போய்விட்டது. துருப்பிடிக்காத எஃகு, இன்னும் நன்றாகத்தான் இருக்கும். கிணறு வற்றினால் இறங்கி எடுத்துவிடலாம். அதற்காகக் கிணறு வற்ற வேண்டும் என்று மாரியம்மனிடம் போய் நிற்கவா முடியும்?