ஆற்றில் வலை போடும் முன்: புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேராக் மாநிலத்தில் பிளஸ் ஆற்றங்கரையில் இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் பாதையில், செம்பனைத் தோட்டம் ஆற்றைத் தொடும் இடம் அது. ஷாப்பியில் வாங்கிய புது நைலான் வலை, பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. ஒருவன் இக்கரையில் மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் அக்கரைக்கு நடந்தான்.

“லைசென்ஸ் இருக்கா தம்பி?” என்றேன்.

“ஆத்துல மீன் பிடிக்க எதுக்குண்ணே லைசென்ஸ்? அது கடலுக்குத்தானே?”

இளவயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் இழந்ததை இந்தப் பிள்ளைகளும் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேட்டரி, மருந்து, வெடி

ஷாக் கொடுத்து, விஷம் கலந்து, வெடி போட்டு மீன் பிடிப்பது மூன்றும் குற்றம். பேச ஒன்றுமில்லை.

ஒரு மாநிலத்து லைசென்சோடு இன்னொரு மாநிலத்து ஆற்றில் இறங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

என் அப்பா பால்மரம் சீவியவர். மத்தியானம் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டபின் லயத்து வாசலில் உட்கார்ந்து வலை பின்னுவார். மூங்கில் ஊசி, விரலில் அளவுக்கட்டை, ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு ஒரு வீச்சு வலையை மூன்று மாதத்தில் முடித்தார். அடியில் கோத்த ஈயக் குண்டுகளையும் அவரே உருக்கி ஊற்றினார். வீசினால் நிலா மாதிரி வட்டமாக விரிந்து விழும். அவர் போனபிறகு அந்த வலை எனக்கு வந்தது. முறையாகப் பேராக்கில் லைசென்ஸ் எடுத்தேன். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கூடவே வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு பள்ளி விடுமுறைக்குப் பக்கத்து மாநிலத்தில் இருந்த மச்சான் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிஷ நடையில் ஆறு. மச்சான், “வலை இருக்குல்ல, வாங்க போலாம்” என்றார். நானும் தயங்கவில்லை. லைசென்ஸ்தான் கையில் இருக்கிறதே! நாலைந்து வீச்சுக்குள் லம்பாமும் ஒரு பெரிய பாவுங்கும் கிடைத்தன. அந்த நேரத்தில் அதிகாரிகள் வந்தார்கள். நான் தைரியமாக அட்டையை நீட்டினேன். அதில் ஒருவர் மரியாதையாகவே சொன்னார்: “பாங், லெசென் இனி உந்துக் பேராக் சஜா.” இந்த லைசென்ஸ் பேராக்குக்கு மட்டும்தான்.

வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அபராதம் கட்டினேன், நடையாய் நடந்தேன், வலை மட்டும் திரும்பி வரவில்லை. அப்பாவின் கைமுடிச்சு ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அந்த அதிகாரிமேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் சொன்னது சரி. என் அட்டையின் தலைப்பிலேயே மாநிலத்தின் பெயர் இருந்தது. வருஷக்கணக்கில் அதைச் சட்டைப்பையில் சுமந்தேன், ஒருமுறைகூட முழுசாகப் படிக்கவில்லை. இன்னும் எரிச்சலாக இருப்பது வேறொன்று. “லைசென்ஸ் ஒண்ணு எடுத்துட்டா மலேசியா பூரா போடலாம்” என்று டீக்கடையில் பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஏன் இப்படி என்றால், நம் கூட்டரசு அரசியலமைப்பிலேயே இது பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒன்பதாவது அட்டவணையில் எது கூட்டரசின் அதிகாரம், எது மாநிலத்தின் அதிகாரம் என்று பட்டியல் இருக்கிறது. கடலிலும் முகத்துவாரத்திலும் மீன் பிடிப்பது கூட்டரசுப் பட்டியல். மாநிலப் பட்டியலின் 12ஆவது இனம் “ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்”. நாடு முழுக்க 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், அதாவது சட்டம் 317, இருக்கிறதுதான். ஆனால் அதே சட்டத்தின் 38ஆவது பிரிவு, உள்நாட்டு நீர்நிலைகளுக்கான விதிகளை எழுதும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. எந்தக் கருவிக்கு லைசென்ஸ் வேண்டும், வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த முறை கூடவே கூடாது என்பதையெல்லாம் அந்தந்த மாநிலம்தான் எழுதுகிறது. அதனால் ஜாலா (வீச்சு வலை), பூபு (மீன் பொறிக்கூடு), தாஜூர் (கரையில் நட்டுவைக்கும் தூண்டில்), ராவாய் (பல முள் கோத்த நீளக் கயிறு) என்று எதை எடுத்தாலும், “இது சட்டப்படி சரியா?” என்று கேட்டால் பதில் வராது. “இந்த ஆற்றில், இந்தக் கரையில் சரியா?” என்று கேட்க வேண்டும்.

கரை என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். தஞ்சோங் மாலிம் பக்கம் பெர்னாம் ஆறுதான் எல்லை. ஒரு கரை பேராக், எதிர்க்கரை சிலாங்கூர். வடக்கே மூடா ஆறு ஒரு பகுதியில் கெடாவையும் பினாங்கையும் பிரிக்கிறது. அங்கே பாலத்தைத் தாண்டி நின்று வீசினாலே நீங்கள் வேறு மாநிலத்தின் விதிக்குள் போய்விடுகிறீர்கள்.

ஒரே மாநிலத்துக்குள்ளும் அடுக்குகள் உண்டு. பேராக்கில் இருக்கும் ராயல் பெலும் காடு 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. உள்ளே நுழையவே தனி அனுமதி வேண்டும். நம்ம பேராக் காட்டுக்குள்தானே என்று வலையோடு படகில் ஏறாதீர்கள். தாமான் நெகாரா தேசியப் பூங்காவைப் பாருங்கள், பெயர் ஒன்று, ஆனால் பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலமும் 1938, 1939 வாக்கில் தனித்தனியாகச் சட்டம் போட்டுத்தான் அது உருவானது. அதற்குள் லுபோக் தெனோர் கெலா மீனுக்கான சரணாலயம். சபாவில் ‘தகால்’ என்று ஆற்றை ஊர் மக்களே பகுதி பகுதியாகப் பிரித்துக் காக்கும் பழக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு சபா மாநிலச் சட்டம் அதற்குச் சட்ட பலமும் கொடுத்திருக்கிறது. செம்பனை வேலைக்கு அங்கே போகும் நம் பிள்ளைகள், கிராமத் தலைவரைக் கேட்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

“கடையில் விற்கிறானே!”

விற்பது ஒன்று, போடுவது ஒன்று. கடைக்காரருக்கு உங்கள் ஆறு எது என்று தெரியாது. இணையத்தில் விற்பவருக்கு நீங்கள் எந்த மாநிலம் என்றே தெரியாது.

இதில் அதிகம் சறுக்குவது வலைக்கண் அளவில். ஒரே வலைக்கு இரண்டு அளவு சொல்ல முடியும். ஒரு முடிச்சிலிருந்து பக்கத்து முடிச்சுவரை அளந்தால் ஓர் அளவு. கண்ணை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் மூலை முடிச்சுகளுக்கு இடையே அளந்தால் அது இரண்டு மடங்கு. முதல் முறையில் ஓர் இஞ்ச் என்கிற அதே வலை, இரண்டாவது முறையில் இரண்டு இஞ்ச். உறையில் “2 இஞ்ச்” என்று போட்டிருந்தால் அது எந்த அளவு என்று கேளுங்கள். வலையை நனைத்து, கண்ணை இழுத்து, நீங்களே அடிக்குச்சியால் அளந்துவிடுங்கள். விதியில் எந்த அளவைச் சொல்கிறார்கள் என்பதையும் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் ஏன் முக்கியம்? சின்னக் கண் வலை, ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சையும் தூக்கிவிடும். பிளஸ் ஆற்றில் முன்னெல்லாம் சாதாரணமாகக் கிடைத்த செபாரா மீனுக்கு இன்று நான் பாதி நாள் மேலே ஏறிப் போக வேண்டியிருக்கிறது.

வலையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது

சாயங்காலம் கட்டி, விடிந்ததும் வந்து எடுக்கலாம் என்பது கணக்கு. ராத்திரி மேலே மலையில் மழை பெய்தால் காலையில் வலையும் இருக்காது, கட்டிய மரமும் இருக்காது. ஆற்றோடு போன நைலான் வலை மக்காது. ஏதாவது கிளையில் சிக்கி, யாரும் எடுக்காமல், மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

மீன் மட்டும் சிக்கினால் பரவாயில்லை. ஆமைக்கும் நீர்நாய்க்கும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். பிளஸ் ஆறு போய்ச் சேரும் பேராக் ஆற்றின் மணல்திட்டில்தான் துந்தோங் ஆமை முட்டை போடுகிறது. அழிந்துகொண்டிருக்கும் அந்த இனத்தைக் காக்கப் போத்தா கானானில் மையமே வைத்திருக்கிறார்கள். அரசியலமைப்பில் ஆமையையும் ஆற்று மீன்பிடிப்பையும் ஒரே வரியில் எழுதியவர்களை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். தண்ணீரில் இரண்டும் ஒன்றாகத்தான் வாழ்கின்றன.

கரைக்குக் கரை அடைத்துக் கட்டுவது இதைவிட மோசம். மீன் மேலே ஏற ஒரு வழியும் இருக்காது. அந்தத் தம்பிகள் செய்ததும் அதுதான்.

“ஒராங் அஸ்லி போடறாங்களே?”

லாசாவுக்கு மேலே இருக்கும் தெமியார் என்னும் ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றை நம்பி வாழ்கிறவர்கள். காட்டையும் நிலத்தையும் நம்பிப் பிழைக்கும் அவர்களுடைய வழக்க உரிமையை நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. ஜொகூரில் நடந்த அடோங் குவாவ் வழக்கு அதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு. அவர்கள் பூபு வைக்கிறார்கள் என்பதைக் காட்டி நாம் வைக்க முடியாது. அவர்கள் ஊர் எல்லைக்குள் போவதானால் முதலில் அங்கிருக்கும் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னால் நல்ல இடத்தை அவரே காட்டுவார், எனக்குக் காட்டியிருக்கிறார்கள்.

ஈயக் குட்டை

ஈயம் தோண்டிய பழைய குட்டைக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். கேளுங்கள்.

தூண்டில்தானே என்று விட்டுவிடுவது

கையில் பிடிக்கும் ஒற்றைத் தூண்டிலும், கரை நெடுக நட்டுவைக்கும் ஐம்பது தாஜூரும் ஒன்றாகாது. நூறு முள் கோத்த ராவாயை “தூண்டில்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆபீசுக்குப் போகும்போது

சுங்கை சிப்புட் ஆட்களுக்கு மாவட்டம் கோலகங்சார். அங்குள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் திங்கள் முதல் வெள்ளிவரை எந்த நாளிலும் போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் மதியம் போகாதீர்கள், தொழுகை நேரத்துக்கு மூடியிருக்கும். கெடா, கிளந்தான், திரெங்கானு பக்கம் போகிறவர்கள், அங்கே வாராந்தர விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிட்டு நடந்து திரும்புகிறார்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். வலையில் ஒரு பகுதியையோ, பூபுவின் படத்தையோ காட்டுங்கள். எந்த ஆறு, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று சொல்லுங்கள். இந்தக் கருவிக்கு லைசென்ஸ் வேண்டுமா, எத்தனை வைக்கலாம், கண்ணளவு என்ன, மூடிய பகுதி ஏதும் இருக்கிறதா, லைசென்ஸ் எந்தத் தேதிவரை, இந்த ஐந்தையும் கேளுங்கள். பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அட்டை கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுங்கள்.

அந்தத் தம்பிகள் அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை மூன்று பேரும் என் காரில் கோலகங்சார் போனோம். வலை, பிரிக்காத பாதி உறையோடு பின்சீட்டில் இருந்தது.